அதட்டி அடக்குவது அமைதி ஆகாது

அழைப்பு மணி அடிக்கிறது. நாய் வாசலுக்குப் பாய்கிறது, குரைக்கிறது, உள்ளே நுழைந்தவரின் மார்பில் முன்னங்கால்களைத் தூக்கி வைக்கிறது. வீட்டில் இருக்கிற நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். கடைசியில் ஒருவர் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மொட்டைமாடியிலோ பால்கனியிலோ கட்டுகிறார். விருந்தாளி சட்டையைத் தட்டிக்கொண்டே சொல்கிறார்: "செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க. நாலு போடு போட்டு, யாரு எஜமான்னு காட்டினாத்தான் அடங்கும்." வீட்டுக்காரரும் தலையாட்டுகிறார்.

நம் ஊரில் இந்தக் கருத்துக்கு எதிர்ப்பே கிடையாது. நாய் வளர்ப்பவர்கள், வளர்க்காதவர்கள், காலையில் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகும் டிரெயினர் என்று பலரும் இதையே வேறு வேறு சொற்களில் சொல்கிறார்கள். அதனால்தான் இதை நேருக்கு நேர் மறுக்க வேண்டியிருக்கிறது. விருந்தாளி மேல் தாவுகிற நாய் யாருடைய அதிகாரத்தையும் பறிக்கப் பார்க்கவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே வரவேற்பு அதுதான். வேறு வரவேற்பு எதையும் நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்காததைச் செய்யவில்லை என்று அடிப்பது அநியாயம். அந்த அடியின் பலனை ஒருநாள் விருந்தாளியே அனுபவிக்க நேரலாம் என்பது அதைவிடக் கவலைக்குரியது.

'எஜமான் யாரென்று காட்டு' என்ற அறிவுரை நம் பாட்டன் காலத்துக் கிராமத்திலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இன்று டிரெயினர்கள் பேசும் 'ஆல்ஃபா' (கூட்டத் தலைவன்) கதை அங்கிருந்து வரவில்லை. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில், ஓர் அடைப்புக்குள் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். அவற்றுக்குள் ஓயாத சண்டை, மேலாதிக்கப் போட்டி. அந்தக் கருத்தை அமெரிக்க ஓநாய் அறிஞர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் உலகமெங்கும் கொண்டுபோனது. நாயை வளர்ப்பதும் ஓநாய்க் கூட்டத்துக்குத் தலைவனாவதும் ஒன்றுதான் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. நியூயார்க் மாநிலத்தின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற பயிற்சி நூல், அடங்காத நாயை மல்லாக்கப் புரட்டிப்போட்டு அழுத்திப் பிடிக்கச் சொன்னது. 2004 முதல் 'டாக் விஸ்பரர்' தொலைக்காட்சி நிகழ்ச்சி அதே கொள்கையைப் பல நாடுகளின் வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது.

இந்தக் கதையின் மறுபாதியை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. டேவிட் மெக் 1986 முதல் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்தார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்களுடைய பிள்ளைகள். சண்டை போட்டுத் தலைமையைப் பிடித்தவன் என்று அங்கே யாரும் இல்லை. 1999இல் ஆய்விதழில் இதை எழுதி, 'ஆல்ஃபா' என்ற கருத்தைக் கைவிட வேண்டும் என்றார். தன் பழைய நூலை மறுபடி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தைப் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டார். நியூ ஸ்கீட் துறவிகளும் பிந்தைய பதிப்பில் நாயைப் புரட்டிப்போடும் முறையைத் திரும்பப் பெற்றார்கள். சொன்னவர்களே விட்டுவிட்டதை நாம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அப்படியே ஓநாய்களுக்குள் தலைமைப் போட்டி இருந்தாலும், நாய் ஓநாயை விட்டுப் பிரிந்து மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகிவிட்டன. நம்மை ஓநாய் என்று எந்த நாயும் நினைப்பதில்லை.

சரி, பின்னே ஏன் தாவுகிறது? குட்டி ஓநாய்கள், இரை தின்று திரும்பும் பெரியவற்றின் வாயை நக்கும். பெரியவை உண்டதைக் கக்கிக் கொடுக்கும். நாய்க்குட்டியிடமும் அந்தப் பழக்கம் தங்கியிருக்கிறது. அன்புள்ளவரின் வாயருகே போய் மோந்து நக்குவது அதன் வணக்கம். மனிதனுடைய முகமோ ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. எட்ட வேண்டுமென்றால் தாவத்தான் வேண்டும். இரண்டு மாதக் குட்டியாக இருக்கும்போது நாமும் அதற்கு உதவுகிறோம். முழங்காலில் கால் வைத்தால் "அச்சச்சோ, என் தங்கம்" என்று தூக்கிக் கொஞ்சுகிறோம். அதே குட்டி முப்பது கிலோ லாப்ரடார் ஆன பிறகு அதே செயலுக்கு அடி விழுகிறது. மாறியது அதன் எடை மட்டுமே. எந்த நாளிலிருந்து அது குற்றமாயிற்று என்று நாய்க்கு எப்படித் தெரியும்?

அதோடு, தாவினால் கிடைப்பதையும் பாருங்கள். எல்லோரும் அதையே பார்க்கிறார்கள், அதன் பேரைச் சொல்கிறார்கள், கையால் தள்ளுகிறார்கள். தனியாக இருந்து சலித்த நாய்க்கு இது திட்டு கிடையாது, திருவிழா. நல்ல விளைவைத் தரும் செயல் திரும்பத் திரும்பச் செய்யப்படும் என்று உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1911இல் எழுதிவிட்டார். வீட்டில் மூன்று பேர் கண்டிப்பாக இருந்து, வருகிற மாமா ஒருவர் மட்டும் "விடுங்க, எனக்கு நாய்னா உயிர்" என்று தாவும்போது கட்டிக்கொண்டால், அந்தப் பழக்கம் குறைவதற்குப் பதில் இறுகிப்போகும். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை நெடுநாள் உயிரோடு வைத்திருக்கும் என்பது உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வகத்திலிருந்து இன்றுவரை மாறாத உண்மை.

"கண்டுக்காம விட்டா சரியாயிடும்னாங்க, இன்னும் மோசமாத்தான் ஆச்சு" என்று சொல்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இதுவரை பலித்த செயல் திடீரென்று பலிக்காமல் போனால் எந்த உயிரும் முதலில் அதை இன்னும் வேகமாகச் செய்துபார்க்கும். அந்த உச்சத்தில்தான் நாம் பொறுமை இழந்து கத்துகிறோம் அல்லது தள்ளுகிறோம். இன்னும் உயரமாகத் தாவினால் கவனிப்பார்கள் என்று நாய் அப்போது கற்றுக்கொள்கிறது. கண்டுகொள்ளாமல் இருப்பது மட்டும் போதாது. தாவுவதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் காட்டியாக வேண்டும்.

இப்போது அடிக்கு வருவோம். அடித்தால் அடங்குகிறதே என்பதுதான் எதிர்த்தரப்பின் ஒரே வலுவான வாதம். அடங்குகிறது என்பது உண்மை. அந்த நொடியில் நாய் என்ன கற்கிறது என்பதே என் கேள்வி. புதிய மனிதர் உள்ளே வந்தார், உடனே வலித்தது. 'தாவியதால் வலித்தது' என்று நாய் கணக்குப் போடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். 'இவர் வந்ததால் வலித்தது' என்ற கணக்கும் அதே அளவு எளிது. இரண்டாவதைக் கற்ற நாய், மகிழ்ச்சியால் குரைத்த நிலையிலிருந்து பயத்தால் குரைக்கும் நிலைக்குப் போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே குரைப்பு. அடி கூடுகிறது, பயமும் கூடுகிறது.

2009இல் மெகன் ஹெரனும் அவருடைய சகாக்களும் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைச் சிக்கலோடு கொண்டுவரப்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம், வீட்டில் என்னென்ன முறைகளைக் கையாண்டீர்கள் என்று கேட்டார்கள். அடிப்பது, உதைப்பது என்ற முறையைக் கையாண்டவர்களில் 43 விழுக்காட்டினர், அதற்கு நாய் சீறவோ கடிக்கவோ வந்ததாகச் சொன்னார்கள். மல்லாக்கப் புரட்டி அழுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு அதே அனுபவம். ஏற்கெனவே சிக்கல் உள்ள நாய்கள் அவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'நாலு போடு போடு' என்ற அறிவுரை சொல்லப்படுவதே சிக்கல் உள்ள நாய்க்குத்தானே. 2020இல் போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், தண்டனை வழிப் பயிற்சி பெற்றவற்றின் உமிழ்நீரில் பயிற்சிக்குப் பின் கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு கூடுதலாக இருந்தது. வாயை நக்குதல், கொட்டாவி போன்ற பதற்றக் குறிகளும் மிகுதி. அடங்கிவிட்டது என்று நாம் நிம்மதியடையும் நாயின் உடம்புக்குள் அமைதி இல்லை.

இதில் மிக ஆபத்தானது, உறுமலுக்கு அடி கொடுப்பது. உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. 'எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ' என்று அது மரியாதையாகச் சொல்லும் தெளிவான வழி. அதை அடித்து நிறுத்தினால் பிடிக்காமை அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். "ஒரு சத்தமும் போடல, திடீர்னு கடிச்சிடுச்சு" என்று கேள்விப்படும் கதைகளில் சிலவற்றின் பின்னால் இப்படி வாய் அடைக்கப்பட்ட ஒரு நாய் இருக்கக்கூடும்.

கட்டிப்போடுவதை இதைவிட மென்மையான வழி என்று நினைக்கிறார்கள். அதையும் ஏற்க முடியவில்லை. கீழே பேச்சுச் சத்தம், சிரிப்பு, பிரியாணி வாசனை. மேலே தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு சங்கிலி. விருந்தாளி வந்தால் குடும்பத்தை இழக்கிறோம் என்பதே ஒவ்வொரு முறையும் அந்த நாய்க்குக் கிடைக்கும் பாடம். சங்கிலியை இழுத்து இழுத்துக் குரைக்கிறது, ஆள் தெரிகிறார், கிட்டப்போக முடியவில்லை. ஆர்வமாகத் தொடங்கும் இந்தத் தவிப்பு கோபமாகத் திரிவதை, காம்பவுண்டு கேட்டுக்குப் பின்னால் கட்டப்பட்ட பல நாய்களிடம் பார்க்கலாம். அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வு, கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டது. முற்றத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்ததற்கான வாய்ப்பு, கடித்த நாய்களிடம் ஏறத்தாழ 2.8 மடங்கு. கட்டியதால்தான் கடித்தது என்று அது நிரூபிக்கவில்லை. கடிக்கிற நாயைக் கட்டியிருக்கவும் கூடும். ஆனால் கட்டினால் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு அந்த எண் எந்த ஆதரவும் தரவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் விலங்கைக் கட்டிவைப்பதை வதை என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்கு உரிமையாளர் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவதையும் அதே பிரிவு தனியாகக் குறிப்பிட்டுக் குற்றமாக்குகிறது. நாயின் பெயரைச் சொல்லியே நாடாளுமன்றம் எழுதிவைத்த வரி இது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாய் வளர்க்கும் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடிப்பவர்களை மறுப்பதால் மறுபக்கத்தை நான் ஆதரிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். "ஒண்ணும் பண்ணாதுங்க, வெறும் விளையாட்டு" என்று சொல்லி, நடுங்கி நிற்கும் விருந்தாளி மேல் நாயை விடுகிறவர்கள் செய்வதும் அநியாயமே. எழுபது வயதுப் பெரியம்மா சறுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அதற்குப் பிறகு அவர் நடமாட்டமே பழையபடி இல்லாமல் போகலாம். வெறிநோய் உள்ள நம் நாட்டில் ரத்தம் வராத சிறு நகக்கீறலுக்குக்கூடத் தடுப்பூசி பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. தொழுகைக்குக் கிளம்பியவரும், மடியாக இருப்பவரும், சிறுவயதில் கடிபட்டுப் பயந்தவரும் நாயின் எச்சில் தன் மேல் படக்கூடாது என்று கேட்க முழு உரிமை உள்ளவர்கள். விருந்தாளியின் மேல் நாய் தாவக்கூடாது என்பதில் எனக்கும் எஜமான் கட்சிக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. அதை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் வழக்கு.

அமைதியாக இருப்பது ஒரு திறமை. அதைப் பயிற்றுவிக்க வேண்டும், அதுவும் விருந்தாளி இல்லாத நாட்களில். வெள்ளம் வந்த அன்று யாருக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்க முடியாது. மணி அடித்து, கதவு திறந்து, புது வாசனை உள்ளே வந்த பிறகு நாய் கொதிநிலையில் இருக்கிறது. அந்த நேரத்தில் 'சிட்', 'சிட்' என்று பத்து முறை கத்தினாலும் அது காதில் ஏறாது.

பழைய பெட்ஷீட்டோ கோரைப்பாயோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் தெரிகிற, ஆனால் வாசலிலிருந்து எட்டடியாவது தள்ளி இருக்கிற மூலையில் விரியுங்கள். நாய் அதன் மேல் கால் வைத்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. படுத்தால் இன்னொன்று. படுத்தே இருந்தால் ஒவ்வொன்றாகக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டே இருங்கள். கையில் கொடுத்தால் எழுந்துவரும். பாயில் வைத்தால் அங்கேயே தலை தாழ்ந்திருக்கும். இது சின்ன விஷயமாகத் தெரியும், இதில்தான் பாதி வெற்றி. பிறகு இடைவெளியை நீட்டுங்கள். ஓரடி தள்ளி நில்லுங்கள், திரும்பி வந்து கொடுங்கள். சமையலறை வரை போய்வாருங்கள். கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு வாருங்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கேரன் ஓவரால் 1997இல் வெளியிட்ட நூலில், இப்படிப் பதினைந்து நாளுக்கான தளர்வுப் பயிற்சியை ஒவ்வொரு நாளுக்கும் வரிவரியாக எழுதியிருக்கிறார். முதல் நாள் நாய் ஐந்து நொடி உட்கார்ந்திருப்பதில் தொடங்கி, ஒருவர் கதவைத் தட்டுவது, இல்லாத ஆளோடு வாசலில் பேசுவது வரை அது போகும்.

மணிச் சத்தத்துக்குத் தனி வேலை இருக்கிறது. மணி அடித்தால் ஆள் வருவார் என்று நாய் படித்துவைத்திருக்கிறது. உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வக நாய்கள், சத்தத்தைத் தீனியோடு இணைத்துப் படித்த அதே பாடம். அதை நாமே மாற்றி எழுதலாம். யாரும் வராதபோது வீட்டில் ஒருவர் வெளியே போய் மணியை அடிக்கட்டும், உடனே பாயில் தீனி விழட்டும். பலமுறை, பல நாட்கள். வாசலுக்கு ஓடுவதற்கு அடையாளமாக இருந்த சத்தம் பாய்க்கு ஓடுவதற்கு அடையாளமாக மாறும். அதன் பிறகு வீட்டு ஆட்களே விருந்தாளி வேடம் போடலாம். பிறகு நாய்க்குப் பழக்கமான, பதறாத ஒரு நண்பர். குழந்தைகளோடு வரும் பெரிய கூட்டம் கடைசியில்தான்.

உண்மையான விருந்தாளி வரும் நாளில் நாயை நம்பி விட்டுவிடாதீர்கள். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தெருவில் நன்றாக மோப்பம் பிடிக்கவிட்டு ஒரு நடை கூட்டிவாருங்கள். கயிற்றை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் உட்காரட்டும். வந்தவரிடம் ஒரே வேண்டுகோள்: முதல் பத்து நிமிடம் நாயைப் பார்க்க வேண்டாம், கூப்பிட வேண்டாம். அது தணிந்த பிறகு, அவருக்கும் விருப்பமிருந்தால், நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் தடவட்டும். கால் எழும்பினால் கையை எடுத்துவிட்டால் போதும். அவராகத் தின்ன எதுவும் கொடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பாயசத்து உலர்திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு.

"தீனி கொடுத்துச் செய்ய வைப்பது லஞ்சம்" என்கிறார்கள். வேலை முடிந்த பிறகு கொடுப்பதற்குப் பெயர் கூலி. கூலி வாங்காமல் நாய் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? பழக்கம் ஊறிய பிறகு தீனியைக் குறைத்துக்கொண்டே போகலாம், முழுவதும் நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை.

"அந்தக் காலத்துல எங்க வீட்டு நாயை யாரு பயிற்சி கொடுத்து வளர்த்தா?" என்பது இன்னொரு கேள்வி. அந்த நாய் திண்ணைக்கு வெளியே வாழ்ந்தது. விடிந்ததிலிருந்து வயல், களம், தெரு என்று தன் இஷ்டத்துக்குச் சுற்றியது. நாளுக்குப் பத்துப் புதிய மனிதர்களைத் தள்ளி நின்று பார்த்தது, பிடிக்காவிட்டால் எழுந்து போய்விட்டது. அதற்கு விருந்தாளி ஒரு அதிசயம் இல்லை. இன்று எட்டாவது மாடி அடுக்ககத்தில், காலை பத்து நிமிடமும் மாலை பத்து நிமிடமும் மூத்திரம் போகக் கீழே இறக்கப்படுகிற லாப்ரடாருக்கு வாரத்தில் நடக்கும் ஒரே நிகழ்ச்சி அந்த அழைப்பு மணிதான். வேலைக்காக உருவாக்கப்பட்ட ஓர் இனத்தை வெறுமையில் அடைத்துவிட்டு, மணி அடித்ததும் பொங்கியதற்காக அடிக்கிறோம். ஏறத்தாழ ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கும் வளரிளம் பருவம் உண்டு. எட்டு மாத நாய்கள் தம் சொந்த வளர்ப்பாளரின் சொல்லையே அதிகம் மீறுகின்றன என்பதை 2020இல் வெளியான நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அது கடந்துபோகிற பருவம். அந்த ஒரு வருடத்தில் விழும் அடியோ எளிதில் கடந்துபோவதில்லை.

பதற்றத்தால் குரைக்கிற நாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வால் கால்களுக்கு இடையில் போய், உடம்பு பின்னுக்குச் சாய்ந்து, கண்ணின் வெள்ளை தெரிய உறுமுகிற நாய்க்கு விருந்தாளியோடு பழகும் பாடம் இப்போது வேண்டாம். அதை மணி அடிப்பதற்கு முன்பே, பழக்கமான ஓர் அறையில், ஃபேன் போட்டு, கடிக்க ஏதாவது கொடுத்து விட்டுவிடலாம். கத்தி இழுத்துக்கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டுவதும் இதுவும் ஒன்றில்லை. இங்கே நாய் தண்டிக்கப்படவில்லை, வந்தவருக்கும் பயம் இல்லை. பிறகு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, மூட்டு வலி போன்ற உடல் காரணங்களும் பின்னால் இருக்கலாம்.

டிரெயினர் வேண்டுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "நாய் தப்பா செஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?" பதிலில் முள் பட்டை, மின்னதிர்ச்சிப் பட்டை, சுண்டி இழுப்பது என்று எது வந்தாலும் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். மின்னதிர்ச்சிப் பட்டையை வேல்ஸ் நாடு 2010லேயே தடை செய்துவிட்டது. "ஒரு மாசம் எங்கிட்ட விட்டுடுங்க, அடக்கமாக் கொண்டாந்து தரேன்" என்று சொன்னாலும் அனுப்பிவிடுங்கள். விருந்தாளிகள் வருவது உங்கள் வீட்டுக்கு. பயிற்சியும் உங்கள் கண் முன்னால், உங்கள் வாசலில், உங்கள் கையால் நடக்கட்டும்.